செஞ்சிக் கோட்டை – 9: வென்றவரின் வீழ்ச்சி

திண்டிவனத்தில் திருவண்ணாமலை பஸ் ஏறினால் செஞ்சி வந்து சேர முக்கால் மணி நேரம்தான். ஊரைத் தாண்டியதும் சாலை கோட்டைக்குள்ளேயே புகுந்து வெளியேறுகிறது. ஒரு பக்கம் ராஜகிரி, மறுபக்கம் கிருஷ்ணகிரி, நடுவே உருண்டு விழுந்துவிடுமோ என்று பயமுறுத்தும் பாறைக் குவியல்கள். சின்ன வயதிலிருந்து இந்தச் சாலையில் எத்தனையோ தடவை போய் வந்திருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் யாராவது ஒருவர் ஜன்னல் பக்கம் பிள்ளையைத் தூக்கிப் பிடித்து, "அதோ பாரு, தேசிங்கு ராஜா கோட்டை" என்று காட்டுவார்.

பத்து மாதமே ஆண்டு, 22 வயதில் களத்தில் விழுந்த தேசிங்கின் பெயர் இந்த மலைகளில் ஒட்டிக்கொண்டது. நாயக்கர் விரிவாக்கிக் கட்டிய கோட்டை இது, சிவாஜி 1677இல் பிடித்துப் பலப்படுத்திய கோட்டை இது. மராட்டியர் கோட்டைகள் என்ற வரிசையில் யுனெஸ்கோ 2025 ஜூலையில் உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்ற பன்னிரண்டில் தமிழ்நாட்டில் இருப்பது இது ஒன்றுதான். ஆனாலும் பஸ்ஸில் போகிறவர் வாயில் தேசிங்குதான் வருகிறான். ஒரு காலத்தில் இதற்கு 'நுஸ்ரத்கட்' என்று டெல்லி பாதுஷாவின் காகிதங்களில் பெயர் இருந்தது என்றால் நம் பகுதியிலேயே பலருக்கு வியப்பாக இருக்கும். நுஸ்ரத் ஜங் என்பது பட்டப்பெயர். அந்தப் பட்டத்துக்கு உரியவர் சுல்பிகர் கான். ஏழு ஆண்டுகளுக்கு மேல் இந்த மலைகளைச் சுற்றி முகாம் போட்டு, 1698இல் கோட்டையைப் பிடித்தவர்.

முற்றுகையின் கதையைச் சென்ற இரண்டு இதழ்களில் பார்த்தோம். இந்த வாரம் முற்றுகை போட்டவருக்குப் பிறகு என்ன ஆயிற்று என்பதைச் சொல்ல வேண்டும். அதைச் சொல்லாமல் தேசிங்கின் சாவுக்குப் போனால், அது வெறும் வரிப்பாக்கித் தகராறாகவே தெரியும். டெல்லியில் சுல்பிகர் கானின் கழுத்தில் விழுந்த சுருக்கு இங்கே, செஞ்சியின் அடிவாரத்தில், திரிக்கப்பட்டது என்பது என் எண்ணம். அதே கயிற்றின் மறுமுனை இருபது மாதம் கழித்துத் தேசிங்கையும் இழுத்தது.

சுல்பிகர் கானின் இயற்பெயர் முகமது இஸ்மாயில். அப்பா அசத் கான், ஔரங்கசீப்பின் பிரதம மந்திரி. அம்மா, நூர்ஜஹானின் அண்ணன் ஆசப் கானின் மகள். மும்தாஜ் மகாலுக்குத் தங்கை முறை. உமராக்கள் என்னும் முகலாயப் பிரபுக்களில் இதற்கு மேல் ஒரு குடும்பம் இல்லை. இருந்தாலும் அந்த உயரம் எதன் மேல் நின்றது என்பதைப் புரிந்துகொள்ள வேண்டும். நம் பக்கத்துப் பாளையக்காரர் ஒருவர் தோற்றால் காட்டுக்குள் போய்விடுவார். சொந்தபந்தம் சோறு போடும், ஊர் ஒளித்து வைக்கும், காலம் மாறினால் திரும்பி வருவார். முகலாய உமராவுக்கு அப்படி ஒரு ஊர் கிடையாது. அவருக்கு இருப்பது பாதுஷா கொடுத்த மன்சப் என்ற ஓர் எண். அந்த எண்ணுக்கேற்ப வருவாய் எடுத்துக்கொள்ள ஒதுக்கப்பட்ட ஜாகீர். அந்த ஜாகீரும் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாறும். அவர் கண்ணை மூடினால் சொத்து முழுவதையும் அரசாங்கம் கணக்குப் பார்க்க வந்துவிடும். எவ்வளவு பெரிய மனிதரானாலும் அவர் நிற்பது இன்னொருவரின் உள்ளங்கையில்.

அந்த உள்ளங்கைக்கு வயதாகிக்கொண்டிருந்த காலத்தில்தான் சுல்பிகர் கான் செஞ்சிக்கு வந்தார்.

1689இல் ராய்கட் கோட்டையைப் பிடித்து, சிவாஜியின் மகன் சம்பாஜியின் மனைவி ஏசுபாயையும் சிறுவன் சாகுவையும் சிறையெடுத்தவர் இவர். சுல்பிகர் கான் என்ற பட்டம் அதற்குக் கிடைத்த பரிசு. சம்பாஜியின் தம்பி ராஜாராம் தப்பி, மாறுவேடத்தில் தெற்கே ஓடி, செஞ்சிக்குள் புகுந்துகொண்டார். மறு ஆண்டு செப்டம்பரில் சுல்பிகர் கானின் படை கோட்டைக்கு முன்னால் வந்து நின்றது. இந்த மலைகளைப் பார்த்த எவருக்கும் அவருடைய நிலை புரியும். மூன்று மலை, மூன்றையும் சேர்த்து வளைக்கும் மதில், ராஜகிரி உச்சிக்கு ஒரே வழி, அந்த வழியின் நடுவே ஒரு வெட்டுப்பள்ளம், அதன் மேல் ஒரு மரப்பாலம். மேலே பத்து ஆள் விழித்திருந்தால் கீழே பத்தாயிரம் பேர் தூங்க வேண்டியதுதான். முகலாயப் படையால் மதிலை முழுவதும் சுற்றி வளைக்கவே முடியவில்லை. ஒரு பக்கம் தானியம் உள்ளே போய்க்கொண்டே இருந்தது.

அக்கம்பக்கத்தில் எல்லோரும் இரண்டு பக்கமும் வியாபாரம் செய்தார்கள். சென்னைப்பட்டணத்து ஆங்கிலேயர் சுல்பிகர் கானுக்கு வெடிமருந்து அனுப்பினார்கள். அதே ஆங்கிலேயர்தான் அதே 1690இல் கடலூரை ஒட்டிய தேவனாம்பட்டினத்துக் கோட்டையைச் செஞ்சி மராட்டியரிடம் விலைக்கு வாங்கினார்கள். பீரங்கிக் குண்டு போய் விழுகிற தூரம் வரை உள்ள ஊர்களெல்லாம் கோட்டைக்குச் சொந்தம் என்பது அந்தப் பேரத்தில் ஒரு நிபந்தனை. புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர் பிரான்சுவா மார்த்தேன் செஞ்சியிலிருந்து வரும் ஒவ்வொரு சேதியையும் குறித்து வைத்துக்கொண்டிருந்தார். இன்று நமக்கு முற்றுகையின் உள்விவரங்கள் கிடைப்பதற்கு அவருடைய நினைவுக் குறிப்புகள் ஒரு காரணம்.

முற்றுகை இழுபட்டதால் ஔரங்கசீப் தன் கடைசி மகன் காம் பக்‌ஷையும் பிரதம மந்திரி அசத் கானையும் கூடுதல் படையோடு 1691 இறுதியில் அனுப்பினார். இப்போது ஒரே முகாமில் மூன்று தலை. பாதுஷாவின் பிள்ளை என்ற பெருமை இளவரசருக்கு. மூத்த மந்திரி என்ற கௌரவம் அப்பாவுக்கு. ஓராண்டாக வெயிலிலும் மழையிலும் காய்ந்து நனைந்தவன் நான் என்ற கசப்பு மகனுக்கு. யார் சொல்வதை யார் கேட்பது?

1692இல் மழைக்காலம் வந்தது. நம் பக்கத்து ஐப்பசி கார்த்திகை மழையை வடக்கிலிருந்து வந்தவர்களுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது. வெட்டிய பதுங்குகுழியெல்லாம் குளமாகும். மாடு சேற்றில் நிற்கும். அதே சமயத்தில் சந்தாஜி கோர்படேவும் தனாஜி ஜாதவும் மராட்டியக் குதிரைப்படையோடு வந்து இறங்கினார்கள். காஞ்சிபுரத்து முகலாய பவுஜ்தார் அலி மர்தான் கானைச் சந்தாஜி உயிரோடு பிடித்துக்கொண்டு போனார். முகாமுக்கு வரும் பாதைகள் அடைபட்டன. தபால் நின்றது. தபால் நின்ற முகாமில் வதந்திதான் தபால். பாதுஷா இறந்துவிட்டார் என்று பேச்சு கிளம்பியது.

காம் பக்‌ஷுக்கு அது உயிர்ப் பிரச்சினை. முகலாயக் குடும்பத்தில் அப்பா இறந்தால் அண்ணன் தம்பிகளில் ஒருவருக்குச் சிம்மாசனம், மற்றவர்களுக்குச் சமாதி. ஔரங்கசீப் தன் சகோதரர்களுக்குச் செய்தது எல்லோருக்கும் நினைவிருந்தது. இளவரசர் மலை மேலிருந்த ராஜாராமுக்கு ரகசியமாக ஆள் அனுப்பினார். அசத் கானையும் சுல்பிகர் கானையும் கைது செய்துவிட்டு மராட்டியரோடு சேர்ந்துகொள்ளும் யோசனை இருந்தது என்று முகாமில் பேசிக்கொண்டார்கள். அப்பாவும் மகனும் முந்திக்கொண்டார்கள். இரவோடிரவாக இளவரசரின் கூடாரத்தை வளைத்து, பாதுஷாவின் பிள்ளையைக் கைதியாக்கினார்கள்.

இந்த இடத்தில் நான் எப்போதும் கொஞ்சம் நின்றுவிடுவேன். ராஜகிரியின் அடிவாரத்தில் புளியமரங்கள் நிற்கும் சமவெளியில் நின்று பார்த்தால் அந்தக் காட்சி கண்ணில் வரும். மந்திரியும் தளபதியும் அரச ரத்தத்தின் மேல் கை வைக்கிறார்கள். அதற்கு அவர்களிடம் பாதுஷாவின் கட்டளை இல்லை. கட்டளை கேட்க வழியும் இல்லை. அந்த இரவில் அவர்கள் செய்தது சரியாகவே இருக்கலாம். படையைக் காப்பாற்ற வேறு வழி இருந்ததா என்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் ஓர் உமரா ஓர் இளவரசனைப் பிடித்துக் கட்டலாம், கட்டிவிட்டு உயிரோடும் இருக்கலாம் என்ற பாடத்தைச் சுல்பிகர் கான் அன்று கற்றுக்கொண்டார். இருபது ஆண்டு கழித்து லாகூரில் அந்தப் பாடம் முழு உருவம் எடுத்தது.

தூக்கிக்கொண்டு போக முடியாத பீரங்கிகளை விட்டுவிட்டு, ராஜாராமோடு பேச்சு நடத்தி வழி வாங்கிக்கொண்டு, முகலாயப் படை 1693 ஜனவரியில் வந்தவாசிக்குப் பின்வாங்கியது. அதே 1693இல் அசத் கானின் சன்னது வழியாக ஆங்கிலேயருக்கு எழும்பூர், புரசைவாக்கம், தொண்டையார்பேட்டை என்று மூன்று கிராமங்கள் கிடைத்தன. விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் ரயிலேறி நாம் போய் இறங்குகிற எழும்பூர் அப்படித்தான் கும்பினியின் கைக்குப் போனது. காம் பக்‌ஷைப் பாதுஷாவிடம் கொண்டுபோய் நிறுத்தினார்கள். அப்பா பிள்ளையை மன்னித்தார். பிள்ளை, கட்டியவர்களை மன்னிக்கவில்லை. கட்டியவர்களும் அவனுடைய கோபத்தை மறக்கவில்லை.

அதன்பின் ஐந்தாண்டு. தஞ்சை மராட்டிய மன்னர் சகஜியைப் பணியவைத்துத் திறை வாங்கியது தவிர, செஞ்சியைப் பொறுத்தவரை சுல்பிகர் கான் செய்தது முற்றுகை என்ற பெயரில் காத்திருப்பு. பண்டேலா தலைவர் தல்பத் ராவிடம் எழுத்தராக இருந்த பீம்சேன் அந்த முகாமில் இருந்தவர். தளபதி நினைத்திருந்தால் வந்த அன்றைக்கே கோட்டையைப் பிடித்திருக்கலாம், சண்டை நீண்டால் வருமானம் நீளும் என்பதற்காக இழுத்தார் என்ற பொருளில் அவர் எழுதிவைத்திருக்கிறார். வந்த அன்றைக்கே என்பது மிகை. ஆனால் ராஜாராமோடு சுல்பிகர் கானுக்கு ரகசியப் புரிதல் இருந்தது என்பதை அந்தக் காலத்துப் பலரும் நம்பினார்கள். பாதுஷாவுக்கு எண்பது நெருங்கிவிட்டது. அவர் இறந்தால் தெற்கே தனக்கென்று ஒரு துண்டு நிலம் வேண்டும், அதற்கு மராட்டியர் பகையாளிகளாக இருக்கக் கூடாது. அந்தக் கணக்குதான் ஆண்டுகளைத் தின்றது.

பணத்தாசை என்று மட்டும் இதை ஒதுக்க என்னால் முடியவில்லை. சொந்த ஊரே இல்லாத ஒரு மனிதர், தன் கால் நிற்கும் உள்ளங்கை நடுங்குவதைப் பார்த்துவிட்டு, நிற்க ஒரு பாறை தேடினார். அவர் கண்ணுக்கு முன்னால் இருந்தது செஞ்சி. ஆனால் அந்த ஆசைக்குச் சுற்றுப்புற மக்கள் கொடுத்த விலையையும் நினைக்க வேண்டும். ஏழு ஆண்டு இரண்டு படைகளும் உண்டது இந்தப் பகுதியின் நெல்லை. அந்த உழவர்களில் ஒருவர் பெயரும் எந்தக் குறிப்பிலும் இல்லை.

கடைசியில் பாதுஷாவின் பொறுமை தீர்ந்தது. கடுமையான உத்தரவு வந்ததும், 1697 இறுதியில் முற்றுகை நிஜமாகவே தொடங்கியது. தாவூத் கான் பன்னி ஒரு குன்றை ஒரே நாளில் பிடித்துக் காட்டினார். கோட்டை விழுவதற்கு முன்பே ராஜாராம் வேலூருக்குத் தப்பிப் போய்விட்டார். தப்பவிட்டார்கள் என்றுதான் பேச்சு. 1698 தொடக்கத்தில் ராஜகிரியில் முகலாயக் கொடி ஏறியது. சுல்பிகர் கான் நுஸ்ரத் ஜங் ஆனார், செஞ்சி நுஸ்ரத்கட் ஆனது. 1700இல் சொரூப் சிங் என்ற பண்டேலா ராஜபுத்திரருக்குக் கோட்டைக் காவலும் ஜாகீரும் கிடைத்தன. தேசிங்கின் அப்பா இவர்தான்.

1707 மார்ச்சில் ஔரங்கசீப் இறந்தார். பிள்ளைகளுக்குள் போர். சுல்பிகர் கான் இளவரசர் ஆசம் பக்கம் இருந்தார். ஜூனில் ஆக்ராவுக்குப் பக்கத்து ஜாஜாவ் களத்தில், அனல் காற்றும் புழுதியும் முகத்தில் அறைகிற நாளில், இன்று சண்டை வேண்டாம் என்று அவர் சொன்னதை ஆசம் கேட்கவில்லை. தோல்வி உறுதியானதும் சுல்பிகர் கான் களத்தை விட்டு விலகினார். ஆசம் செத்தார். வென்ற அண்ணன் பகதூர் ஷா மென்மையானவர். அப்பாவையும் மகனையும் மன்னித்தது மட்டுமல்லாமல், சுல்பிகர் கானைப் படைத்துறைத் தலைவராக்கி, தக்காணம் முழுவதற்கும் சுபேதாராகவும் நியமித்தார். அவர் சார்பில் தாவூத் கான் பன்னி இங்கே ஆட்சி செய்தார். ஆக, செஞ்சி இன்னும் சுல்பிகர் கானின் நிழலில்தான் இருந்தது.

1709 ஜனவரியில் செஞ்சியின் பழைய கணக்கு ஒன்று தீர்ந்தது. ஹைதராபாத்தில் காம் பக்‌ஷ் தன்னையே பாதுஷா என்று அறிவித்திருந்தார். பகதூர் ஷா தம்பியைக் கொல்ல விரும்பவில்லை. படையைப் பார்த்துப் பணிந்துவிடுவான் என்று நம்பினார். இளவரசரோடு கடைசியில் மிஞ்சியிருந்தவர்கள் சில நூறு பேர். வந்தவாசியிலிருந்து தன்னைக் கைதியாக இழுத்துச் சென்றவர் எதிரே வருவது காம் பக்‌ஷுக்குத் தெரியும். எதிரே இருப்பவன் உயிரோடு தப்பினால் என்றைக்கிருந்தாலும் தனக்கு ஆபத்து என்பது சுல்பிகர் கானுக்குத் தெரியும். உத்தரவுக்குக் காத்திராமல் அவர் பாய்ந்தார். உடம்பெல்லாம் காயத்தோடு அண்ணனின் முகாமுக்குக் கொண்டுவரப்பட்ட காம் பக்‌ஷ் அன்றிரவைத் தாண்டவில்லை.

1712 பிப்ரவரியில் பகதூர் ஷா லாகூரில் இறந்தபோது நான்கு பிள்ளைகள். இரண்டாமவர் அசீம்-உஷ்-ஷான்தான் பலசாலி, பணக்காரர். அவருக்கும் சுல்பிகர் கானுக்கும் ஒத்துப்போகவில்லை. அவர் சிம்மாசனம் ஏறினால் தனக்கு இடமில்லை என்று தெரிந்ததும், சுல்பிகர் கான் மற்ற மூன்று சகோதரர்களையும் குரான் மேல் சத்தியம் வாங்கிச் சேர்த்தார். சாம்ராஜ்யத்தை மூன்றாகப் பிரித்துக்கொள்வது, மூவருக்கும் பொதுவான மந்திரி தான். இளவரசர்கள் உமராக்களைத் தேடிப் பிடிப்பது போய், ஓர் உமரா இளவரசர்களைத் தேர்ந்தெடுக்கும் நிலை! அசீம்-உஷ்-ஷானின் யானை காயத்தோடு வெறித்து ஓடி, ராவி ஆற்றுப் புதைமணலில் அவரோடு அமிழ்ந்தது. அதன்பின் அந்தச் சத்தியம் ஒரு மாதம்கூட நிற்கவில்லை. சகோதரர்களில் இன்னும் இருவர் செத்தார்கள். எஞ்சிய ஜஹந்தர் ஷா பாதுஷா. சுல்பிகர் கான் பிரதம மந்திரி. அப்பா உட்கார்ந்திருந்த நாற்காலி.

அந்த நாட்களில் லாகூரில் ஒரு கொலை நடந்தது. அசீம்-உஷ்-ஷானின் மூத்த மகன் முகமது கரீம் ஒரு வீட்டில் ஒளிந்திருந்து பிடிபட்டான், கொன்றுவிட்டார்கள். அவனுடைய தம்பி பரூக்சியர் அப்போது கிழக்கே, பாட்னாவில் இருந்தான்.

ஜஹந்தர் ஷாவின் ஓராண்டுக்கும் குறைந்த ஆட்சியைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லாரும் லால் குன்வர் என்ற பாடகியின் மேல் பழியைப் போட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள். பாதுஷா அவள் பேச்சைக் கேட்டார், அவள் உறவினருக்குப் பதவி கொடுத்தார் என்பது உண்மை. ஆனால் கருவூலம் காலியாக இருந்ததும், படைக்குச் சம்பளம் நின்றதும், மந்திரிக்கும் பாதுஷாவின் பால் சகோதரன் கோகல்தாஷ் கானுக்கும் நாளும் பொழுதும் இழுபறி நடந்ததும் அவளால் வந்தவை அல்ல. ஒரு பெண்ணைக் காட்டிவிட்டு ஓர் அரசு சரிந்த கதையை முடித்துவிடுவது சரித்திரத்துக்குச் செய்யும் அநியாயம். சுல்பிகர் கான் அந்த ஆண்டில் ஜிசியா வரியை எடுத்தார். ராஜபுத்திரரை அணைத்துப் போக முயன்றார். காலம் கிடைத்திருந்தால் நல்ல மந்திரியாக நினைவுகூரப்பட்டிருப்பார் என்றே நினைக்கிறேன்.

காலம் கிடைக்கவில்லை. பரூக்சியர், பார்ஹா சையது சகோதரர்கள் அப்துல்லா கான், ஹுசைன் அலி கான் இருவரின் துணையோடு மேற்கே வந்தான். 1713 ஜனவரி 10 அன்று ஆக்ராவில் போர். மாலைக்குள் ஜஹந்தர் ஷா யானையிலிருந்து இறங்கிக் காணாமல் போனார். தாடியை மழித்துக்கொண்டு, லால் குன்வரோடு மாட்டுவண்டியில் டெல்லிக்கு ஓடினார். சுல்பிகர் கான் இருட்டும் வரை களத்தில் நின்று பாதுஷாவைத் தேடினார். கையில் படை இருந்தது. முன்னால் நிறுத்தப் பாதுஷாதான் இல்லை.

டெல்லியில் ஜஹந்தர் ஷா வந்து தட்டியது கிழவர் அசத் கானின் கதவை. சுல்பிகர் கானும் வந்து சேர்ந்தார். பாதுஷாவை அழைத்துக்கொண்டு தெற்கே போய்விடலாம், அங்கே தாவூத் கான் இருக்கிறான், பணமும் படையும் திரட்டலாம் என்றார் மகன். தெற்கே என்றால் எங்கே? தக்காணம், ஆற்காடு, நுஸ்ரத்கட். வாழ்நாளில் ஏழு ஆண்டுக்கு மேல் எந்த மலையடியில் கழிந்ததோ, ஆபத்து வந்தபோது மனம் அந்தத் திசையில்தான் ஓடியிருக்கிறது. எண்பதைத் தாண்டிய அப்பா மறுத்தார். ஔரங்கசீப் செத்தபோதும் தோற்ற பக்கம்தான் இருந்தோம், மன்னிப்பு கிடைத்தது. அதேபோல் இப்போதும் கிடைக்கும். இந்தப் பாதுஷாவைப் பிடித்து அந்தப் பாதுஷாவிடம் கொடுத்துவிடுவோம்.

செஞ்சியில் செய்ததை அவர்கள் மறுபடியும் செய்தார்கள். நம்பி வீடு தேடி வந்த ஜஹந்தர் ஷா கைதியாகிக் கோட்டைச் சிறைக்குப் போனார். மகன் அரைமனதோடு சம்மதித்தார் என்கிறார்கள். அப்பா சொல்லைத் தட்டாத பிள்ளை.

பிப்ரவரியில் டெல்லிக்கு வெளியே பாராபுலா பாலத்துக்குப் பக்கத்தில் பரூக்சியரின் முகாம். அப்பாவும் மகனும் போனார்கள். இளம் பாதுஷா முகம் மலர வரவேற்றான். கிலத் என்னும் மரியாதை அங்கி கிடைத்தது. பெரியவர் களைத்திருப்பார், வீட்டுக்குப் போய் ஓய்வெடுக்கட்டும், மகன் மட்டும் கொஞ்சம் இருக்கட்டும், பேச வேண்டியது இருக்கிறது என்று சொன்னார்கள். அசத் கான் போய்விட்டார். சுல்பிகர் கானை ஒரு கூடாரத்தில் உட்காரவைத்துச் சாப்பாடு கொடுத்தார்கள். பிறகு ஒவ்வொரு கேள்வியாக உள்ளேயிருந்து வரத் தொடங்கியது. காம் பக்‌ஷை ஏன் கட்டினாய்? ஆசமை ஏன் கைவிட்டாய்? என் அண்ணன் கரீம் உனக்கு என்ன செய்தான்? முதலில் பணிவாகவே பதில் சொன்னார். கேள்விகள் நிற்கவில்லை. ஒரு கட்டத்தில் அவருக்குப் புரிந்துவிட்டது. கொல்வதானால் கொல்லுங்கள், இத்தனை கேள்வி எதற்கு என்ற பொருளில் வெடித்தார். பின்னாலிருந்து தோல்வார் கழுத்தில் விழுந்தது. இறுக்கியவர்கள், உயிர் போனதை உறுதி செய்யக் கட்டாரியாலும் குத்தினார்கள்.

சிறையில் ஜஹந்தர் ஷாவையும் நெரித்துக் கொன்றார்கள். பரூக்சியர் டெல்லிக்குள் ஊர்வலமாக நுழைந்தான். ஜஹந்தர் ஷாவின் தலை மூங்கிலில். உடம்பு ஒரு யானை மேல். இன்னொரு யானையின் வாலில் கால்கள் கட்டப்பட்டுத் தலைகீழாகத் தொங்கியது சுல்பிகர் கானின் உடல். பின்னால் அசத் கானின் பல்லக்கு. வீட்டுப் பெண்கள் உடுத்த துணியோடு வெளியேற்றப்பட்டிருந்தார்கள். சொத்து முழுவதும் பறிமுதல். கிழவர் அதன்பின் மூன்றாண்டு உயிரோடு இருந்தார்.

அசத் கானின் இயற்பெயர் முகமது இப்ராகிம். மகன் இஸ்மாயில். இப்ராகிம் நபி தன் மகன் இஸ்மாயிலைப் பலி கொடுக்கத் துணிந்த கதை இஸ்லாமியர் வீட்டுக் குழந்தைக்கும் தெரியும். அந்தக் கதையில் கடைசி நொடியில் ஆட்டுக்கிடா வந்து பிள்ளையைக் காத்தது. பாரசீகத்தில் எழுத்துக்கு எண் வைத்துக் கூட்டி ஆண்டைக் குறிக்கும் வழக்கம் உண்டு. இப்ராகிம் இஸ்மாயிலைப் பலியிட்டார் என்ற பொருளுள்ள ஒரு வாசகத்தைக் கூட்டினால் அந்த ஹிஜ்ரி ஆண்டு 1125 வருகிறது. அதை அமைத்தவர் அசத் கானே என்பார்கள். ஓர் அப்பா தன் குற்றத்தை எண்ணாக்கி உட்கார்ந்து கூட்டிப் பார்த்திருக்கிறார் என்பதை நினைத்தால் எனக்கு அந்த ஊர்வலத்தைவிட இது அதிகம் வலிக்கிறது.

இது போன்ற சாவு டெல்லிக்கு மட்டும் உரியதல்ல. நம் கடற்கரையில், புதுச்சேரியை ஒட்டிய அரிக்கமேட்டில், ரோமானியச் சாடிகளும் சிவப்புப் பூச்சுத் தட்டுகளும் வந்து இறங்கிக்கொண்டிருந்த காலத்தில் ரோமில் திபேரியஸ் சக்கரவர்த்தி. தமிழ்நாட்டில் புதையலாகக் கிடைக்கும் ரோமானியக் காசுகளில் அவர் முகம் பொறித்தவை ஏராளம். அவர் காப்ரி தீவில் ஒதுங்கியிருக்க, ரோமை நடத்தியவர் மெய்க்காவல் படைத் தலைவர் செஜானஸ். கி.பி. 31 அக்டோபர் 18 அன்று சக்கரவர்த்தியின் கடிதம் ஒன்று செனட் சபையில் வாசிக்கப்பட்டது. புதிய அதிகாரம் வருகிறது என்று எதிர்பார்த்துச் செஜானஸ் உட்கார்ந்திருந்தார். கடிதம் நீண்டது. வேறு விஷயங்கள் நடுநடுவே வந்தன. கடைசியில் அவரைக் கைது செய்யும்படி முடிந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து இடம் மாறினார்கள். அன்று மாலையே சிறையில் கழுத்தை நெரித்தார்கள். உடலைப் படிக்கட்டில் எறிந்து, மூன்று நாள் கூட்டம் சிதைத்து, பிறகு ஆற்றில் தள்ளினார்கள். அவர் சிலைகளை உருக்கினார்கள். அங்கே ஒரு கடிதம், இங்கே ஒரு மரியாதை அங்கி. கடைசி நிமிடம் வரை இருவரையும் உட்காரவைத்திருந்தது அந்த நம்பிக்கைதான்.

செஞ்சிக்குத் திரும்புவோம். சுல்பிகர் கானின் சாவுச் சேதி இங்கே வந்து சேர்ந்தபோது ராஜகிரியில் எதுவும் அசையவில்லை. சொரூப் சிங் கோட்டையில் பதின்மூன்று ஆண்டாக உட்கார்ந்திருந்தார். 1710ஐ ஒட்டித் தேவனாம்பட்டினத்து ஆங்கிலேயரோடு சண்டை பிடித்து, அவர்களுடைய அதிகாரிகள் இருவரைச் செஞ்சிச் சிறையில் அடைத்து, 1712இல் சமாதானமானவர். மலேரியாக் காய்ச்சலும் கெட்ட தண்ணீரும் தாளாமல் முகலாய அதிகாரம் செஞ்சியை விட்டு ஆற்காட்டுக்குப் போய் நாளாகிவிட்டது. ஆற்காட்டில் நவாப் சாதத்துல்லா கான், தாவூத் கானிடம் திவானாக இருந்து மேலே வந்தவர். சொரூப் சிங் கட்ட வேண்டிய பணம் ஆண்டுக்காண்டு நின்றுபோயிருந்தது. ஆனாலும் நவாப் கைவைக்கவில்லை. சுல்பிகர் கான், அவருக்குக் கீழே தாவூத் கான், அவர்களோடு செஞ்சிப் போரில் சேர்ந்து நின்ற பண்டேலாக்கள் என்ற சங்கிலி அறுபடாமல் இருந்தது.

1713இல் சங்கிலியின் தலைக்கண்ணி அறுந்தது. தாவூத் கானைக் குஜராத்துக்கு மாற்றினார்கள். தக்காணத்துக்கு நிஜாம்-உல்-முல்க் வந்தார். நவாபுக்கு மேலே இருந்த பழைய முகங்கள் ஒன்றுகூட மிஞ்சவில்லை. சரியாக அந்த நேரத்தில் சொரூப் சிங் இறந்தார். பண்டேல்கண்டிலிருந்து மகன் தேஜ் சிங் ஓடி வந்து கோட்டையை எடுத்துக்கொண்டான். ஜாகீர் பிள்ளைக்குத் தானாக வரும் சொத்து அல்ல என்பது அவனுக்குத் தெரியாதா, தெரிந்தும் அப்பா ஆண்ட மண் என்று நினைத்தானா? நம் ஊர் மக்கள் அவனைத் தேசிங்கு என்று அழைத்தார்கள். அவனும் பாளையக்காரர் வீட்டுப் பிள்ளை போலவே பேசினான். ஔரங்கசீப் பாதுஷாவின் பர்மான் (அரசாணை) என்னிடம் இருக்கிறது என்றான். அது அந்தப் பாதுஷாவோடு போயிற்று, பரூக்சியர் பாதுஷா கையெழுத்துப் போட்ட பர்மானைக் காட்டு என்றது ஆற்காடு.

அந்தக் கையெழுத்தை வாங்கிக் கொடுக்க டெல்லியில் செஞ்சி எங்கே இருக்கிறது என்று தெரிந்த ஒருவர் வேண்டும். ராஜகிரியின் பாலத்தை, சங்கராபரணி ஆற்றின் கரையை, முற்றுகையில் உடன் நின்ற பண்டேலாக்களைக் கண்ணால் பார்த்தவர், பாதுஷாவின் காதில் ஒரு வார்த்தை போடக் கூடியவர். அப்படி ஒருவர் இருந்தார். அவர் உடல் யானை வாலில் தொங்கி டெல்லி வீதியில் போய் ஓராண்டு ஆகியிருந்தது.

1714 மழைக்காலம் தொடங்கும் நேரம். நவாபின் படை ஆற்காட்டிலிருந்து கிளம்பிவிட்டது. தேசிங்கின் உயிர்த்தோழன் மகபத் கான் கல்யாணப் பந்தலில் உட்கார்ந்திருந்தான், ஓலை கிடைத்ததும் மாலையைக் கழற்றிவிட்டுக் குதிரை ஏறினான் என்று கதைப்பாட்டு சொல்கிறது. சிங்கவரம் ரங்கநாதரைக் கும்பிடப் போன தேசிங்கைப் பார்த்துப் பெருமாள் முகத்தைத் திருப்பிக்கொண்டார் என்றும் சொல்கிறது. சங்கராபரணியில் வெள்ளம். அக்டோபர் 3ஆம் தேதி, கையில் செல்லாத பர்மானோடு அந்த இருபத்திரண்டு வயதுப் பிள்ளை ஆற்றுக்குள் குதிரையை இறக்கினான்.

(அடுத்த இதழில்: கடலிச் சமவெளி)